புயல் வரும் என்று தெரிந்தும்... – கால்வெஸ்டன் தீவின் கதை



டி.வி.யில் புயல் செய்தி ஓடும்போதெல்லாம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி எழும். "வருஷா வருஷம் புயல் அடிக்குதுன்னு தெரியுதில்ல? அப்புறம் ஏன் அந்தக் கடற்கரையிலேயே போய்க் குடியிருக்காங்க?" கேட்பவர் பெரும்பாலும் கடலுக்கு நூறு மைல் தள்ளி, கான்கிரீட் கூரைக்குக் கீழே, கையில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருப்பார். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'தெரிந்தே போனவர்கள்தானே, அனுபவிக்கட்டும்' என்பதுதான் அது.

வானிலை பற்றிச் சொல்ல விஞ்ஞானத் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். நம் கல்லூரியின் வரலாற்று வகுப்பில் மூன்று வருடம் பெஞ்சு தேய்த்தவன் என்ற உரிமையில், இந்தக் கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கால்வெஸ்டன் தீவைப் போல் நல்ல பாடப்புத்தகம் வேறில்லை.

பெயர்தான் வேறு

முதலில் ஒரு சிறு விளக்கம். அட்லாண்டிக் கடலிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் 'ஹரிக்கேன்' என்கிறார்கள். நம் வங்கக் கடலில் அதையே 'சைக்ளோன்' என்கிறோம். இரண்டும் ஒன்றுதான். 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கியவர், கல்கத்தாவில் இருந்துகொண்டு வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் அதைப் பயன்படுத்தினார். வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து பலம் பெற்றுச் சுழன்று வரும் காற்று, கரையைத் தொடும்போது கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. காற்றைவிட அந்தத் தண்ணீர்தான் அதிகம் பேரைக் கொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு டெக்சாஸுக்குப் போவோம்.

மணல் திட்டுக்கு ஏன் வந்தார்கள்?

கால்வெஸ்டன் ஒரு மணல் தீவு. நீளம் சுமார் 27 மைல், அகலம் மூன்று மைலுக்கு மேல் எங்கும் இல்லை. 1900-ஆம் ஆண்டில் நகரத்தின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கும் குறைவு! நம் ஊர் வீட்டுக் கூரை அளவு கூட இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதியில் அந்தக் கரையில் வாழ்ந்த கரங்காவா பழங்குடியினர் அங்கே நிரந்தர வீடு கட்டவில்லை. மீனும் சிப்பியும் கிடைக்கும் பருவத்தில் கரைக்கு வருவார்கள். மற்றப் பருவத்தில் உள்நாட்டுப் புல்வெளிக்கு வேட்டைக்குப் போவார்கள். கழிகளை நட்டு மேலே தோல் போர்த்திய குடிசைதான் வீடு. கிளம்பும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். பின்னால் 1817 வாக்கில் ழான் லஃபீத் என்ற கடற்கொள்ளைக்காரர் தீவில் ஓர் ஊரே அமைத்தார். அடுத்த ஆண்டே ஒரு ஹரிக்கேன் அதைப் புரட்டிப் போட்டது. ஆக, புயல் வரும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல.

தெரிந்தும் ஏன் 1838-இல் மிஷெல் மெனார்டும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே நகரம் அமைத்தார்கள்? தீவின் ஒரு பக்கம் திறந்த கடல். மறு பக்கம் அமைதியான விரிகுடா. டெக்சாஸின் நீண்ட கரையில் கப்பல் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. உள்நாட்டிலோ கறுப்பு மண்ணில் பருத்தி விளைந்து குவிகிறது. அந்தப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போக ஒரு வாசல் வேண்டும். வாசல் கடற்கரையில்தானே இருக்க முடியும்?

எனவே பொதி ஏற்றும் கூலியாட்கள் வந்தார்கள். கணக்கெழுதும் குமாஸ்தாக்கள் வந்தார்கள். வங்கிக்காரர்கள், கப்பல் ஏஜெண்டுகள், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் எல்லோரும் வந்தார்கள். 1891-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியும் அங்கேதான் திறக்கப்பட்டது. 1900-இல் மக்கள்தொகை கிட்டத்தட்ட 38,000. நாட்டின் முன்னணிப் பருத்தித் துறைமுகங்களில் ஒன்று. அவர்களில் ஒருவர்கூடப் புயலைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. வேலையைத் தேடி வந்தார்கள். புயல் பத்து வருடத்துக்கு ஒரு தரம் வரலாம். பசி தினம் மூன்று வேளை வருகிறது!

பக்கத்து ஊர் கொடுத்த எச்சரிக்கை

அதே டெக்சாஸ் கரையில், தென்மேற்கே மாட்டகோர்டா விரிகுடாவில் இண்டியனோலா என்று ஒரு துறைமுகம் இருந்தது. கால்வெஸ்டனுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். 1875 செப்டம்பரில் ஒரு ஹரிக்கேன் வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. மிஞ்சியவர்கள் மீண்டும் கட்டினார்கள். 1886 ஆகஸ்டில் இன்னொன்று வந்தது. இந்தத் தடவை காற்றோடும் வெள்ளத்தோடும் தீயும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு ஊரைக் கைவிட்டார்கள். 1887-இல் தபால் ஆபீஸும் மூடப்பட்டது.

'பார்த்தீர்களா, புத்திசாலிகள், போய்விட்டார்கள்' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. இரண்டு புயலுக்கும் நடுவில், 1877-இல், சான் அன்டோனியோ நகருக்கு வேறு திசையிலிருந்து ரயில் வந்து சேர்ந்துவிட்டது. அதுவரை இண்டியனோலா வழியாகப் போன சரக்கு அந்த ரயிலுக்கு மாறியது. 1886-இல் ஊர் இடிந்து கிடந்தபோது, அதைத் தூக்கி நிறுத்தப் பணம் போட யாருக்கும் ஆதாயம் இல்லை. புயல் அடித்தது உண்மை. ஆனால் ஊரின் நாடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

கால்வெஸ்டன்காரர்கள் இதைக் கேட்டுப் பயந்தார்கள். கடல் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பேச்சாகவே நின்றது. 1891-இல் அந்நகரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கடும் சூறாவளி டெக்சாஸ் கரைக்கு வருவது அபூர்வம், கால்வெஸ்டனுக்குப் பெருஞ்சேதம் வரும் என்பது வெறும் பிரமை என்பது அவர் வாதம். படித்த மனிதர், அரசாங்க அதிகாரி, அவரே சொல்லிவிட்டார்! செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு அது நல்ல சாக்காகிப் போயிற்று.

1900 செப்டம்பர் 8

அந்தப் புயல் கியூபாவைக் கடந்தபோது, ஹவானாவில் பெலேன் என்ற கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பாதிரியார்கள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகள் புயல்களைப் படித்துத் தேர்ந்தவர்கள் அவர்கள். அது மெக்சிகோ வளைகுடாவுக்குள் மேற்கே போகும் என்று கியூபாக்காரர்கள் கருதினார்கள். வாஷிங்டனிலிருந்த அமெரிக்க வானிலைத் துறையோ அது வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரையோரம் போகும் என்று நம்பியது. கியூபாக்காரர்களின் வானிலைத் தந்திகள் போகாதபடி அந்தத் துறை முன்பே தடை வாங்கி வைத்திருந்தது. அறிவு இருந்தது; ஆணவம் குறுக்கே நின்றது.

செப்டம்பர் 7 வெள்ளிக்கிழமை கால்வெஸ்டனில் புயல் கொடி ஏற்றப்பட்டது. சனிக்கிழமை காலையில்கூடக் குழந்தைகள் தெருவில் புகுந்த கடல்நீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாலைக்குள் தீவை நிலத்தோடு இணைத்த பாலங்கள் எல்லாம் போயின. 15 அடிக்கும் மேல் கடல் எழும்பித் தீவு முழுவதையும் மூடியது. 'தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன' என்பார்கள். அன்று அது வார்த்தைக்கு வார்த்தை உண்மையாயிற்று.

கடலோரம் இருந்த புனித மரியாள் அனாதை இல்லத்தில் 10 கன்னிகாஸ்திரீகள், குழந்தைகளைத் துணி காயப்போடும் கயிற்றால் தங்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். 10 பேரும், 90 குழந்தைகளும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்று பையன்கள் மட்டுமே. ஐசக் கிளைனின் வீடும் இடிந்தது. அவர் மனைவி கோரா இறந்துபோனார்.

நகரில் மட்டும் இறந்தவர்கள் 6,000 முதல் 8,000 வரை. 3,600-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டம். அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு உயிர்களை வாங்கிய இயற்கைச் சீற்றம் வேறில்லை. கடலோர மரவீடுகள் அடியோடு போயின. தீவின் நடுமேட்டில், பிராட்வே என்ற தெருவில், செல்வர்கள் கட்டியிருந்த கல் மாளிகைகள் நின்றன. ஒரே தீவு, ஒரே புயல்தான். ஆனால் ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கவில்லை. பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் போடும் வேலைக்குக் கறுப்பினத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் கூட்டிப் போனார்கள். அலைகள் அந்த உடல்களைத் திரும்பக் கரைக்கே கொண்டுவந்தன. பிறகு வாரக்கணக்கில் கரையிலேயே சிதைகள் எரிந்தன.

தீவையே தூக்கிய மனிதர்கள்

இவ்வளவுக்குப் பிறகாவது போயிருக்கலாமே? போகவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் செய்த காரியம் நம்ப முடியாதது.

மூன்று பொறியாளர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஒருவர் ஹென்றி ராபர்ட். கூட்டங்களை எப்படி நடத்துவது என்று சட்டதிட்ட நூல் எழுதிப் புகழ்பெற்ற அதே ராபர்ட்தான். அவர்கள் இரண்டு காரியம் சொன்னார்கள். ஒன்று, 17 அடி உயரத்துக்குக் கடல் தடுப்புச் சுவர். இரண்டு, சுவருக்குப் பின்னால் நகரத்தையே உயர்த்துவது.

சுவர் 1902-இல் தொடங்கி 1904-இல் மூன்று மைலுக்கும் அதிகமான நீளத்துக்கு எழுந்தது. கடன் பத்திரங்களை ஊர் மக்களே வாங்கினார்கள். பிறகு நகரத்தின் நடுவே கால்வாய் வெட்டி, தூர்வாரும் கப்பல்களை உள்ளே கொண்டுவந்து, மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகக் கொட்டினார்கள். வீடுகளைத் திருகு ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள். வீடுகளும் கடைகளும் கோயில்களுமாக 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள்! 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் தேவாலயத்தை 700 ஜாக்கிகள் வைத்து ஐந்தடி உயர்த்தினார்கள். 1911 வாக்கில் வேலை முடிந்தது. அதுவரை மக்கள் சேற்றுக்கு மேலே பலகை நடைபாதைகளில் நடந்தார்கள். உப்பு மணலில் மரமும் தோட்டமும் பட்டுப்போயின. வேறு மண் கொண்டுவந்து மீண்டும் நட்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணல் கொட்டுவது பொதுச் செலவு. வீட்டைத் தூக்குவது அவரவர் சொந்தச் செலவு. கையில் காசு இருந்தவர் வீட்டை முழுசாகத் தூக்கினார். சிலர் கீழ்த்தளத்தை மண்ணுக்குள் புதைய விட்டார்கள்.

பலன் கிடைத்ததா? 1915 ஆகஸ்டில் முந்தையதற்கு நிகரான ஒரு புயல் வந்தது. சுவருக்குப் பின்னால் இருந்த நகரத்தில் இறந்தவர்கள் ஒரு டஜன் பேருக்குள்தான்.

சுவர் நின்றது, வியாபாரம் போனது

ஆனால் கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. சுவர் கட்டியதே துறைமுகத்தைக் காப்பாற்றத்தான். 1901 ஜனவரியில் கிழக்கு டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. 1914 நவம்பரில் ஹூஸ்டனுக்கு ஆழ்கடல் கப்பல்கள் செல்லும் கால்வாய் திறக்கப்பட்டது. உள்நாட்டில் 50 மைல் தள்ளிப் பாதுகாப்பாக ஒரு துறைமுகம் கிடைத்ததும் முதலாளிகள் மெல்ல அங்கே நகர்ந்தார்கள். 1900-இல் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 2020 கணக்கெடுப்பில் ஹூஸ்டனில் 23 லட்சம் பேர். கால்வெஸ்டனில் சுமார் 53,700 பேர்.

ஆக, பணம் தீவை விட்டுப் போயிற்று. மனிதர்கள் தங்கினார்கள். அவர்களுக்குக் கப்பல் துறையில் வேலை இருந்தது. கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளை நம்பிய பிழைப்பு இருந்தது. அந்த மருத்துவக் கல்லூரி புயலுக்குப் பயந்து வேறு ஊருக்கு மாறாமல் அங்கேயே வளர்ந்தது. இன்றைக்கும் ஊரில் பலருக்குச் சோறு போடுவது அதுதான். கல்லூரி என்பது ஓர் ஊரை எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்பதை இந்த மலரைப் படிக்கும் நமக்கு விளக்கவேண்டியதில்லை.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இன்னொரு வகைக் குடியேற்றம் வந்தது. பாலம், ஏ.சி., பென்ஷன் இவற்றோடு வசதியுள்ளவர்கள் கடல் காட்சிக்காகவே கரைக்கு வந்தார்கள். புளோரிடா மாநிலத்தில் 1950-இல் 28 லட்சம் பேர் இருந்தார்கள். 2020-இல் 2 கோடியே 15 லட்சம் பேர். 1968-இல் அமெரிக்க அரசே வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. வீடு மூழ்கினால் நஷ்டத்தில் ஒரு பங்கைப் பொதுப்பணம் ஏற்கும் நிலை வந்தது. 'தெரிந்தே போனார்கள்' என்ற வாக்கியம் இவர்களுக்கு ஓரளவு பொருந்தும். பொதி சுமக்க வந்தவருக்குப் பொருந்தாது.

2008 செப்டம்பரில் ஐக் என்ற ஹரிக்கேன் கால்வெஸ்டனைத் தாக்கியது. கடல் பக்கம் சுவர் நின்றது. தண்ணீர் சுவரில்லாத விரிகுடாப் பக்கமாக ஊருக்குள் நுழைந்தது! ஏழைகளுக்காக நகரம் கட்டியிருந்த 569 வாடகை வீடுகள் சேதமாகி இடிக்கப்பட்டன. அவற்றைத் திரும்பக் கட்டலாமா, கூடாதா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. விடுமுறை பங்களாக்காரர் காப்பீடு வாங்கித் திரும்ப வந்தார். பரம்பரையாகத் தீவில் இருந்த ஏழை, போன இடத்திலேயே தங்க வேண்டியதாயிற்று.

நம் கரையிலும் அதே கேள்வி

இண்டியனோலாவைப் படிக்கும்போது நம்மில் பலருக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வந்திருக்கும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அலை ஒரு ரயிலையே பயணிகளோடு விழுங்கியது. பிறகு நடந்ததைப் பாருங்கள். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் போயாக வேண்டுமே. தனுஷ்கோடித் தண்டவாளத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. ஸ்டேஷனும் போயிற்று, தபால் ஆபீஸும் போயிற்று. ஆனால் மீனவர் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. இண்டியனோலா செத்ததும் கால்வெஸ்டன் பிழைத்ததும் ஏன் என்ற விடை இங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது. எதைத் திரும்பக் கட்டுவது என்பதைப் புயல் முடிவு செய்வதில்லை. மனிதர்கள் முடிவு செய்கிறார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழக அரசு, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்களுக்கு உள்ளே தள்ளி வீடு தருவதாகச் சொன்னது. இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்பவர் தன் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது. நல்லெண்ணத்தில் வந்த திட்டம்தான். ஆனாலும் தயங்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. படகும் வலையும் கண்ணெதிரே கிடக்க வேண்டும். விடியுமுன் கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். படகு கரை சேரும் நேரத்தில் மீனை ஏலம் எடுக்கப் பெண்கள் அங்கே நிற்க வேண்டும். கடலைவிட்டுத் தள்ளிப் போவது அவர்களுக்கு வீடு மாற்றுவது மட்டுமல்ல. ஆபீஸே இல்லாத ஊருக்கு மாற்றல் வாங்குவது போல!

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே, 'ஏன் அங்கே குடியிருக்காங்க?' என்று யாராவது கேட்டால், வரலாறு படித்தவர்கள் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கரை அவர்களுக்குத் தினமும் என்ன கொடுக்கிறது? போவதற்கும் தங்குவதற்கும் ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது? சுவர் எங்கே கட்டுவது, எதைத் திரும்பக் கட்டுவது என்று முடிவெடுக்கும் மேஜையில் அவர்களுக்கு நாற்காலி உண்டா? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம். பெரும்பாலும் சொல்லத் தோன்றாது.

இன்னொன்று. 1900-ஆம் ஆண்டின் கால்வெஸ்டன் பற்றி இவ்வளவு விவரம் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், பிழைத்தவர்கள் கடிதங்களாகவும் நினைவுக் குறிப்புகளாகவும் எழுதி வைத்தார்கள். ஊர் நூலகம் அவற்றைப் பத்திரப்படுத்தியது. நம் கல்லூரியிலும் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்து படித்தவர்கள், படிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் புயலில் எவ்வளவு தண்ணீர் வந்தது, யார் வீடு நின்றது, யார் ஊரைவிட்டுப் போனார், யார் திரும்பி வந்தார், ஏன் வந்தார் என்று அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். அடுத்த சங்கம மலரில் அந்தப் பக்கங்களைப் படிக்க ஆவலோடு காத்திருக்கிறேன்.